ரிவர்ஸ் லைட் எரியவில்லையா? பல்பு வாங்க ஓடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கும் சிங்காரப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் லோடு வண்டிகளுக்கு ராத்திரி, பகல் என்ற வித்தியாசம் கிடையாது. பகலெல்லாம் பறித்த காயைத் தரம் பிரித்து, இருட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறோம். தக்காளி, காய்கறி, பூ என்றால் விடியும் முன்பே மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூரு என்று எந்தச் சந்தைக்குக் கிளம்பினாலும், வண்டி முதலில் பின்பக்கமாக நகர்ந்துதான் தோப்பை விட்டு வெளியே வருகிறது.

அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூடை அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள், சாக்குமேல் உட்கார்ந்திருக்கும் வயதானவர், அப்பாவைப் பார்க்க ஓடிவரும் குழந்தை. தோப்பில் தெருவிளக்கு கிடையாது. ஓட்டுபவருக்குப் பின்னால் நடப்பதைக் காட்டுவதும், பின்னால் நிற்பவருக்கு ‘வண்டி வருகிறது, விலகு’ என்று சொல்வதும் அந்த ஒரு வெள்ளை விளக்குதான். ஆனால் ஹெட்லைட் போனால் அன்றைக்கே சரிசெய்யும் நாம், ரிவர்ஸ் லைட் போனால் மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. அது எரியவில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அது ஓட்டுபவர் கண்ணில் படும் விளக்கு அல்ல.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையும் அல்ல. ரிவர்ஸ் லைட் ஓடுவது மிகச் சின்ன மின்சுற்றில். எந்த இடத்தில் கோளாறு என்று வரிசைப்படி தேடினால் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ரிவர்ஸ் லைட் எப்படி எரிகிறது?

கிணற்று மோட்டாரிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், குழாய், வால்வு, கடைமடை. எங்கே அடைத்தாலும் பயிருக்குத் தண்ணீர் இல்லை. ரிவர்ஸ் லைட்டுக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு.

1. பேட்டரியும் சாவியும்: பெரும்பாலான வண்டிகளில் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால்தான் இந்தச் சுற்றுக்கு மின்சாரம் வரும். இன்ஜின் ஓட வேண்டிய அவசியம் இல்லை.

2. ஃபியூஸ்: மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானே உருகி ஒயரைக் காப்பாற்றும்.

3. ரிவர்ஸ் சுவிட்ச்: இது கியர்பாக்ஸில் திருகி வைக்கப்பட்டிருக்கும் சின்ன சுவிட்ச். ரிவர்ஸ் கியர் போட்டதும் உள்ளே இருக்கும் தண்டு சுவிட்சின் முனையை அழுத்தும், மின்சாரம் பாயும். கியரை எடுத்தால் நின்றுவிடும். கியர் ரிவர்ஸில் இருப்பதை விளக்குக்குச் சொல்வது இந்த சுவிட்ச்தான்.

4. ஒயரும் பல்பும்: கியர்பாக்ஸிலிருந்து சேசிஸ் ஓரமாக ஒயர் பின்பக்கம் போய், டெயில் லைட் பெட்டிக்குள் இருக்கும் பல்பைச் சேரும்.

5. எர்த்: பல்புக்குள் போன மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் வழி துருப்பிடித்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியாது.

பின்னால் சத்தம் போடும் பஸ்ஸர், பார்க்கிங் சென்சார், கேமரா ஆகியவையும் பெரும்பாலும் இதே ரிவர்ஸ் ஒயரிலிருந்துதான் மின்சாரமோ தகவலோ எடுக்கின்றன. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே புதிய காரில் ரிவர்ஸ் சுவிட்ச் பழுதானால் விளக்கோடு சேர்த்து இந்த எச்சரிக்கையும் நின்றுபோக வாய்ப்பு உண்டு.

முதலில் அறிகுறியைக் கவனியுங்கள்

மாட்டுக்கு என்ன நோய் என்று பார்க்க முதலில் கண், மூக்கு, சாணம் பார்க்கிறோம். அதுபோல விளக்கு எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

வண்டியைச் சமதளத்தில், ஒரு சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு இரண்டு பக்கமும் கல் அல்லது கட்டை வையுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ‘ஆன்’ செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். இருட்டும் நேரமாக இருந்தால் சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம். துணைக்கு ஆள் தேவையில்லை.

- ஒரு பக்கம் எரிகிறது, ஒரு பக்கம் எரியவில்லை: ஃபியூஸும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன. எரியாத பக்கத்துப் பல்பு, ஹோல்டர் அல்லது எர்த்தில்தான் கோளாறு. சில வண்டிகளில் கம்பெனியே ஒரு பக்கம் மட்டும்தான் ரிவர்ஸ் லைட் கொடுத்திருக்கும். அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

- இரண்டு பக்கமும் எரியவில்லை: ஃபியூஸ், சுவிட்ச், நடுவில் போகும் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பல்பு எப்போதோ போய், நாம் கவனிக்காமல் இருந்து, இப்போது இரண்டாவதும் போயிருக்கலாம். அதையும் மறக்க வேண்டாம்.

- பஸ்ஸர் சத்தம் வருகிறது, விளக்கு இல்லை: சுவிட்ச் வேலை செய்கிறது. கியர்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம். பல்பையும் எர்த்தையும் பாருங்கள்.

- மங்கலாக எரிகிறது: எர்த்தில் துரு, ஹோல்டரில் பச்சை படிவது, அல்லது கண்ணாடி மூடி மேல் மண் படிந்திருப்பது.

- ரிவர்ஸ் போட்டால் டெயில் லைட்டோ இண்டிகேட்டரோ சேர்ந்து மங்கலாக எரிகிறது: பெரும்பாலும் எர்த் கோளாறு. திரும்பும் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகப் போகிறது.

- விட்டு விட்டு எரிகிறது: ஒயர் தேய்ந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், சுவிட்ச் முனை தேய்ந்திருக்கலாம்.

- எந்த கியரில் இருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கிறது: சுவிட்ச் உள்ளே சிக்கிக்கொண்டது, அல்லது இரண்டு ஒயர்கள் ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்துவிட்டன. இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலையில் ராத்திரி நேரம் ஒரு வண்டியின் பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், பின்னால் வருபவர் அதை எதிரே வரும் வண்டி என்றோ, ரிவர்ஸில் வரும் வண்டி என்றோ நினைத்துத் தடுமாறுவார்.

தேட வேண்டிய வரிசை: செலவில்லாதது முதலில்

முதல் படி, பல்பு. டெயில் லைட் மூடியைக் கழற்றி, பல்பை மெல்ல உள்ளே அழுத்தி இடது பக்கம் திருப்பினால் வெளியே வந்துவிடும். சற்று முன் எரிந்த பல்பு சுடும், ஆறவிட்டு எடுங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தாலோ, கண்ணாடி கறுத்திருந்தாலோ பல்பு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், எரிகிற பக்கத்துப் பல்பை எரியாத பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை இது. பல்போடு கோளாறும் பக்கம் மாறினால் பல்புதான். மாறவில்லை என்றால் ஹோல்டர் அல்லது எர்த்.

புதுப் பல்பு வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிக்கப், மினி லாரி போன்ற 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட், ஒற்றைக் கம்பி பல்புதான் ரிவர்ஸ் லைட்டில் இருக்கும். இதன் அடியில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும், பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் சம உயரத்தில் இருக்கும். பிரேக், டெயில் இரண்டுக்கும் சேர்த்து வரும் இரட்டைக் கம்பி பல்பின் அடியில் இரண்டு புள்ளிகள் இருக்கும், ஊசிகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். மாற்றி வாங்கி, இறங்கவில்லையே என்று பலமாக அழுத்தினால் ஹோல்டர் உடைந்துவிடும். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் பல்பு என்பதையும் கவனிக்கவும்.

இரண்டாவது படி, ஹோல்டரும் எர்த்தும். பல்பை எடுத்த கையோடு ஹோல்டருக்குள் எட்டிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய உப்புத்தாள் கொண்டு சுரண்டித் துடையுங்கள். சாவியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். எர்த் சந்தேகமாக இருந்தால், ஒரு துண்டு ஒயரை எடுத்து ஹோல்டரின் எர்த் முனையையும் பெயின்ட் இல்லாத சுத்தமான சேசிஸ் இரும்பையும் இணைத்துப் பாருங்கள். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான். எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்கினால் போதும்.

மூன்றாவது படி, ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்ற படம் இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும். நடுவில் உள்ள கம்பி அறுந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ் மட்டும் போடுங்கள். பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து எடுப்பதே சுமார் மூன்றரை ஆம்பியர்தான். சின்ன ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போட்டாலோ, செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தாலோ, அடுத்து உருகுவது ஒயர். வைக்கோலும் சாக்கும் ஏற்றும் வண்டியில் இது தீ விபத்துக்கு அழைப்பு.

புது ஃபியூஸும் போய்விட்டதா? எப்போது போகிறது என்று பாருங்கள். ரிவர்ஸ் கியர் போட்ட உடனே போனால், சுவிட்சுக்குப் பின்னால் விளக்கு வரை போகும் ஒயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. சாவி திருப்பியதுமே போனால், சுவிட்சுக்கு முன்னால், அல்லது அதே ஃபியூஸில் ஓடும் வேறு பொருளில் கோளாறு. வெளியே வாங்கிப் பொருத்திய கேமராவோ பஸ்ஸரோ இருந்தால் முதலில் அதன் இணைப்பைப் பிரித்துவிட்டுச் சோதிக்கவும்.

நான்காவது படி, ரிவர்ஸ் சுவிட்ச். இது பெரும்பாலும் வண்டிக்கு அடியில் இருப்பதால் கவனம் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. டயர்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜின் ஆறிய பிறகு வேலை செய்யுங்கள். சுவிட்சில் இரண்டு ஒயர் மட்டும் வரும் பழைய மாதிரி வண்டி என்றால், கனெக்டரைக் கழற்றி, சாவியை ‘ஆன்’ செய்து, கனெக்டரில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியவில்லை என்றால் சுவிட்ச்மேல் பழி போட வேண்டாம், ஒயரைத் தேடுங்கள். இணைக்கும் ஒயர் வண்டியின் இரும்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ஃபியூஸ் போகும். இரண்டுக்கு மேல் ஒயர் வந்தாலோ, ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தாலோ, ரிவர்ஸ் தகவல் கம்ப்யூட்டர் வழியாகப் போகும் புதிய வண்டியாக இருந்தாலோ இந்தச் சோதனை வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சுவிட்சைக் கழற்றினால் கியர் ஆயில் கசியலாம். அடியில் ஒரு தட்டு வையுங்கள். சுவிட்சோடு இருக்கும் வாஷரைத் தொலைக்காமல், தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். பிறகு ஆயில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைக்காக கியர்பாக்ஸையே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

விவசாய வண்டியில் மட்டும் ஏன் அடிக்கடி?

ஊருக்குள் ஓடும் காரைவிட நம் லோடு வண்டியில் இந்தக் கோளாறு சீக்கிரம் வருவதற்குக் காரணம் நாம் ஏற்றும் சரக்குதான்.

யூரியா, டிஏபி போன்ற உரங்கள் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டையிலிருந்து சிந்தியது டெயில் லைட் பெட்டிக்குள் இறங்கினால் செம்பும் பித்தளையும் அரிக்கப்படும். கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியாவும் செம்பை அரிக்கும். உரமோ எருவோ ஏற்றி இறக்கிய அன்றே பின்பக்கத்தைத் துடைத்து, சாதாரணத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். பம்பு வைத்து வேகமாக அடிக்கும்போது விளக்குப் பெட்டியின் ஓரத்தில் நேராக அடிக்காதீர்கள், தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும்.

அடுத்தது எலி. தானியம் இருக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். சேசிஸ் ஓரமாகப் போகும் ஒயர்களை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்த இடத்தை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்கே பச்சை பூக்கும். நன்றாக முறுக்கி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பாரம் ஏற ஏற பாடி அசைவதால் ஒயர் இரும்பு விளிம்பில் தேயும். பின்கதவில் விளக்கு இருக்கும் கார், வேன்களில் கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பருக்குள்ளேயே ஒயர் அறுந்திருக்கும், வெளியே தெரியாது.

ஹோல்டரைச் சுத்தம் செய்த பிறகு விரல் நுனியில் தொட்டு வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

கூடுதல் விளக்கு வேண்டும் என்றால்

கம்பெனி விளக்கு தோப்புக்குள் போதவில்லை என்று பலர் பெரிய எல்இடி விளக்கை அதே ரிவர்ஸ் ஒயரில் இணைத்துவிடுகிறார்கள். சுவிட்சின் முனை அவ்வளவு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, சீக்கிரம் கருகும். ரிலே வைத்துச் செய்வதே சரி. ரிவர்ஸ் ஒயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்பட வேண்டும், விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக வர வேண்டும். விளக்கு வெள்ளையாக, தரையைப் பார்த்து, ரிவர்ஸ் கியரில் மட்டும் எரியும்படி இருக்கட்டும். பொருத்தும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்.சி. நாளன்று கழற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றில் ரிவர்ஸ் லைட்டே இருப்பதில்லை. டிராக்டரின் பின்பக்க உழவு விளக்கு வயலில் உதவும், ஆனால் சாலையில் ஏறும் முன் அதை அணைத்துவிட வேண்டும். பின்னால் வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

விளக்கு எரிந்தாலும் இதை விடாதீர்கள்

விளக்கு எரிகிறது என்பதற்காகப் பின்னால் யாரும் இல்லை என்று ஆகிவிடாது. பாரம் ஏற்றிய பிக்கப்பின் பின்கதவை ஒட்டிக் குனிந்திருக்கும் ஆளோ, உட்கார்ந்து விளையாடும் குழந்தையோ இரண்டு பக்கக் கண்ணாடியிலும் தெரிய மாட்டார்கள்.

- ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.
- வழி சொல்ல ஒரே ஒரு ஆள் நிற்கட்டும். நாலு பேர் ‘வா, வா’ என்றால் யார் ‘நிறுத்து’ என்றார் என்பது கேட்காது.
- அந்த ஆள் நேர் பின்னால் நிற்காமல், ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.
- கேழ்வரகு காயவைத்திருக்கும் களத்திலும் வீட்டு வாசலிலும், குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே கியரைத் தொடுங்கள்.

சீசன் தொடங்கும் முன் டயரும் ஆயிலும் பார்க்கும் அன்றே ரிவர்ஸ் லைட்டையும் சேர்த்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டியில் இரண்டு பல்பு, இரண்டு ஃபியூஸ், ஒரு துண்டு ஒயர், ஒரு உப்புத்தாள் இருக்கட்டும். மெக்கானிக்கிடம் போக நேர்ந்தாலும், ‘லைட் எரியல’ என்று மட்டும் சொல்லாமல், ‘இரண்டு பக்கமும் எரியல, ஃபியூஸ் நல்லா இருக்கு, சுவிட்ச் கனெக்டரை இணைச்சா எரியுது’ என்று சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம். அன்று ராத்திரியே வெளிச்சத்தோடு லோடு ஏற்றலாம்.